மூடி இல்லாத கணினி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. கீழ் வீட்டு வனஜாவிடமிருந்து எடுத்தது, அவளைக் கேட்காமல். திருமுல்லைவாயிலில் எங்கள் குடியிருப்பில் அவள் தரைத்தளம், நான் முதல் மாடி. அம்பத்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுக்கிறாள். நான் ஐ.டி. கம்பெனியில் இருப்பதால் ஒருநாள் வந்து கேட்டாள்: லேப்டாப் வாங்கலாமா, டெஸ்க்டாப்பா? அவ்வளவுதான் கேட்டாள். அதற்குள் எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது, கதை இருக்கிறதென்று.

முதல் தொடக்கம்: 'மின்சார ரயில் நிலையத்துக்குள் நுழைந்தபோது வனஜாவின் விரல்கள் லேப்டாப் பையின்

(பாதியில் நிற்கிறது. காரணம் பிறகு.)

2

லேப்டாப்தான் என்று அடித்துச் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம், கரண்ட் போனாலும் ஓடும் என்று அளந்தேன். கதையிலும் அதையே எழுதினேன். என் வனஜா லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து மணப்பெண்களின் முகங்களைத் திருத்துகிறாள். முடி காற்றில் பறக்கிறது. விடுதலை.*

* காலை நேரத்தில் அந்த ரயிலில் ஏறியவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

நிஜ வனஜா டெஸ்க்டாப் என்று முடிவெடுத்தாள். எனக்குக் கோபம். எழுதுகிறவள் பேச்சைப் பாத்திரம் கேட்க வேண்டாமா?

இரண்டாம் தொடக்கம்: 'அந்தச் சோபாவை நகர்த்தச் சொன்னதும் மாமியார் சுசீலாவுக்கு

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன். தன் கணவர் ஜெகதீஷின் பழைய லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் வனஜா வேலை செய்துவந்தாள். பேட்டரி செத்துப்போயிருந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் சுசீலாவைப் பார்க்க உறவினர்கள் வந்தார்கள். வனஜா காபி போட உள்ளே போன நேரத்தில், டிபன் வைக்க இடம் வேண்டுமென்று யாரோ லேப்டாப்பை மூடி, சார்ஜரைப் பிடுங்கி, அலமாரி மேல் ஏற்றிவிட்டார்கள். காலையிலிருந்து முகூர்த்தப் படங்களில் பார்த்த வேலையெல்லாம் போயிற்று. சேமிக்காதது அவள் தப்பு என்றார் ஜெகதீஷ். இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக ஸ்டுடியோ மனோகரன் சொல்லிவிட்டார்.

டெஸ்க்டாப்புக்கு வீட்டில் இடமில்லை என்றார்கள். ஹாலில் இருந்த ஒரே நல்ல சுவரைச் சோபா பிடித்திருந்தது. வனஜாவின் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த சோபா. அவளே ஆள் கூட்டிவந்து அதை மொட்டை மாடிக்கு ஏற்றினாள். படியில் என்னைச் சுவரோடு ஒட்டவைத்துவிட்டுத்தான் அது மேலே போனது. அது இருந்த இடத்தில் டெஸ்க்டாப்புக்கு மேஜை வந்தது. புது லேப்டாப்பாகவே வாங்கித் தருகிறேன் என்று ஜெகதீஷ் கடைசிவரை கெஞ்சினார். மூடியைக் கொஞ்சம் சாய்த்தால் மணப்பெண் வெளுக்கிறாள், நிமிர்த்தினால் கறுக்கிறாள், எது அவள் நிறம் என்று யாரைக் கேட்பது என்றாள் வனஜா. அது உண்மைதான். முழு உண்மை எனக்குத்தான் கிடைத்தது, என் ரயில் கதையை அவளுக்குப் படித்துக் காட்டியபோது.

"இன்னாக்கா இது? நான் எதுக்கு ரயில்ல குந்திகினு வேல செய்யணும்? இது என் ஊடு. மூடி இருந்தா மூடச் சொல்லிகினே இருப்பாங்க. விருந்தாளி வந்தா மூடு, சோறு வந்தா மூடு. மூடியே இல்லாத பொட்டிய இன்னா பண்ணுவாங்க?"

பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "ஆமா, நீ எங்கக்கா குந்திகினு எழுதுற?"

நான் பேச்சை மாற்றினேன்.

4

இனி மாற்ற மாட்டேன். நானும் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துத்தான் எழுதுகிறேன். முதல் தொடக்கம் நின்றது இட்லிக்காக. இரண்டாவது, என் கணவரின் நண்பர்கள் வந்ததற்காக. இந்த அறுந்த வாக்கியங்களை என் உத்தி என்று இலக்கியக் கூட்டங்களில் பெருமையடித்திருக்கிறேன். கட்டுரைகூட எழுதினார்கள். உத்தியுமில்லை, ஒரு மண்ணுமில்லை. என் கணவர் நல்லவர். "கொஞ்சம் மூடேன்" என்றுதான் கேட்பார், அந்தக் 'கொஞ்சம்' இல்லாமல் ஒருநாளும் கேட்டதில்லை. பத்து வருடமாக நானும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள் இரண்டு கைவசம் இருக்கின்றன.

(அ) சோபா மழையில் ஊறிப்போகிறது. வீட்டில் சண்டை. வனஜா தோற்கிறாள்.

(ஆ) சுசீலா மனம் மாறி, மருமகளின் மேஜைக்கே காபி கொண்டுவந்து வைக்கிறார்.

இரண்டில் எதையும் எழுத முடியாது. (அ) அவளுக்கு நான் கொடுக்கும் தண்டனை. (ஆ) யாராவது மனம் மாறினால்தான் அவளுக்கு மேஜை என்கிறது. யாரும் மாறவில்லை. சுசீலா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். விருந்தாளிகள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறார்கள்.

குக்கர் அடங்கிவிட்டது. கணவர் தட்டுகளோடு வருகிறார். "கொஞ்சம் மூடேன்."

"எழுதிக்கிட்டு இருக்கேன்" என்கிறேன்.

அவர் நிற்கிறார். தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோபிப்பாரா, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாரா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வாக்கியம் பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்:

வனஜா தன் வீட்டு ஹாலில், தன் மேஜையில், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள்.