பதில் வராத மூன்று ஃபிரேம்கள்

எங்கள் அறக்கட்டளையின் செயலாளர் நான். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. "டேய், உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கு, நீயே இரு" என்று அக்கா சொன்னாள்; பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அக்காதான் தலைவர். அவள் சக்கர நாற்காலியில் இருப்பதை முதல் ஐந்து நிமிடம்தான் யாரும் கவனிப்பார்கள். அதற்குப் பிறகு அவள் வாயைத்தான் கவனிக்க வேண்டியிருக்கும்.

நாங்கள் செய்வது ஒரே வேலை: நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் தருவது. மொத்தம் நாற்பத்தொன்று. மாதத்தின் முதல் திங்கள் எல்லா நாற்காலியும் எங்கள் வாசலுக்கு வந்து சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு.

நகரசபை மருத்துவமனையில் நடக்க முடியாதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறை மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படி. லிஃப்ட் கிடையாது. இப்படி யோசித்துக் கட்டிய மகான் யாரென்று தெரிந்தால் ஒருமுறை கையைக் குலுக்க ஆசை. சரிவுப் பாதை கேட்டு அக்கா ஆறு வருடமாக மனு போடுகிறாள். "பரிசீலனையில் உள்ளது" என்று ஆறு வருடமாகப் பதில் வருகிறது. அந்த ஃபைலை நகர்த்தவே இப்போது ஒரு சக்கர நாற்காலி வேண்டும்.

நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் நாலு வேட்பாளர்கள்.

"நாலு பேருக்கும் கடிதம் போடு. சரிவுப் பாதை கட்டுவீங்களா, மாட்டீங்களா? ஒரே கேள்வி" என்றாள் அக்கா.

அறக்கட்டளை அரசியல் செய்தால் பதிவு ரத்து. ரத்தானால் நாற்காலிகள் அத்தனையும் அரசாங்கக் கிடங்குக்குப் போய்விடும். இந்தப் பயத்தில் நான் அலுவலகத்துக்குச் செய்தித்தாள் வாங்குவதையே நிறுத்தியிருந்தேன். வக்கீலாக இருக்கும் மச்சானுக்கு ஃபோன் போட்டேன்.

"மாமா, சரிவுப் பாதை வேணும்னு தாராளமா கேளுங்க. இவருக்கு ஓட்டுப் போடுங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நாலு பேரையும் சமமா நடத்துங்க, போதும்."

சமமாக. அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு பதில்தான் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் "கட்டித் தருவேன்" என்று எழுதியிருந்தார். அக்கா அதை ஃபிரேம் போட்டு வாசலில் மாட்டச் சொன்னாள். மாட்டிவிட்டுத் தெருவில் நின்று பார்த்தேன்; பகீரென்றது. ஒருத்தர் பெயர் மட்டும் தொங்குகிறதே, இது பிரசாரம் இல்லாமல் வேறென்ன? உடனே ஓடிப்போய் அதே அளவில் இன்னும் மூன்று ஃபிரேம் வாங்கினேன். உள்ளே வெள்ளைத்தாள் வைத்து, கீழே மற்ற மூவரின் பெயரையும், "பதில் இன்னும் வரவில்லை" என்பதையும் எழுதி வரிசையாக மாட்டினேன். நூல் பிடித்து மாட்டினேன். இதைவிடச் சமமாக யாரால் நடத்த முடியும்?

மறுநாள் காலை தெருவே எங்கள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று ஃபோட்டோ எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு வேட்பாளர்கள் ஆளனுப்பித் தாளை நிரப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் கேட்காமலே லிஃப்டும் தந்திருந்தார்.

மிச்சம் இரும்புக்கடைக்காரர். அவர் பதில் எழுதவில்லை, புகார் எழுதினார்.

அந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். பின்னாலேயே இரும்புக்கடைக்காரர். அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

"இந்த வெறும் ஃபிரேமை மாட்டச் சொன்னது யாரு?" என்றார் மேடம்.

"நான்தான் மேடம்... சமத்துவம்..." என்றேன்.

"என்னைக் கேலி பண்றதுதான் சமத்துவமா?" இரும்புக்கடைக்காரர் பாய்ந்தார். "முழுக்க அரசியல் மேடம். பதிவை ரத்து பண்ணுங்க!"

அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "பேனா தரேன் தம்பி. கட்டுவேன்னா கட்டுவேன்னு எழுது. கட்டமாட்டேன்னா அதையே எழுது. ஒரு எழுத்து மாத்தாம மாட்டுறோம்."

மேடம் ஃபைலைப் புரட்டினார். அதற்குள் நான் மனதில் நாற்பத்தொரு நாற்காலியையும் லாரியில் ஏற்றிவிட்டேன். கடைசி நாற்காலியில் அக்கா. இறங்கமாட்டேன் என்று டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோரிக்கை வைக்கிறது அரசியல் ஆகாது" என்றார் மேடம். "ஆளைத் தூக்கிப் பிடிச்சாலும் மட்டம் தட்டினாலும் ஆகும். சார், நீங்க இப்பவே எழுதிட்டா மட்டம் தட்டினாங்கன்ற புகாருக்கே இடமில்ல. எழுதலன்னா நாலு ஃபிரேமையும் இறக்கிடணும். பதிவைப் பத்தி மேலிடம் முடிவு பண்ணும்."

இரும்புக்கடைக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. சும்மா இருந்தாலே ஜெயித்துவிடலாம். கையைக் கட்டிக்கொண்டார்.

எண்ணெய் விட வந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வாசலை அடைத்திருந்தன. பதினேழாம் எண் நாற்காலி மட்டும் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தது. அதில் இருந்தவர் இரும்புக்கடைக்காரரின் மாமியார். இடுப்பு எலும்பு முறிந்து நாலு மாதமாக எங்கள் வாடிக்கை.

"என்ன தகராறு மாப்பிள்ளை?"

"ஒண்ணும் இல்ல அத்தை. சும்மா... அரசியல்."

"போன வாரம் அந்தப் பதினெட்டுப் படியில என்னைத் தூக்கிட்டுப் போறப்ப, மூச்சு வாங்கி நடுவுலயே உக்காந்துட்டீங்களே. என்னை மடியில வச்சுக்கிட்டு! அதுல என்ன அரசியல்?"

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தெருமுனை வரை சிரிப்புக் கேட்டது. இரும்புக்கடைக்காரர் பேனாவை வாங்கி "பரிசீலிப்பேன்" என்று எழுதினார்.

"மாப்பிள்ளை..."

அடித்துவிட்டு "கட்டுவேன்" என்று எழுதினார்.

மேடம் நாலு ஃபிரேமையும் ஒரு முறை படித்தார். "நாலு பேருமே கட்டுவேன்னுதான் எழுதியிருக்காங்க. யாருக்கும் சாதகமும் இல்ல, பாதகமும் இல்ல. நடவடிக்கை தேவையில்லைன்னு எழுதிடறேன்." என்னைப் பார்த்து, "இனிமே சமத்துவம் வந்தா முதல்ல எங்களுக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க" என்றார்.

அவர் போனதும் நூலை எடுத்து நாலு ஃபிரேமும் நேராக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தேன்.

"இன்னொரு கடிதம் எழுதுடா" என்றாள் அக்கா. "'வெற்றிக்கு வாழ்த்து. வேலை எப்போது ஆரம்பம்?' பேருக்கு மட்டும் இடம் விட்டுடு."

"அக்கா, இன்னும் யாரும் ஓட்டே போடல!"

"அதனாலதான் பேருக்கு இடம் விடச் சொல்றேன்."

தேதி என்ன போட என்று கேட்டேன். வாக்கு எண்ணும் நாளைப் போடச் சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, முடிவு தெரிகிற நேரம் என்று காலை பத்து மணியையும் சேர்க்கச் சொன்னாள்.