நகப்பூச்சில் ஒட்டிய சாணவண்டு

பூச்சிப் பிரிவின் தலைவி ஓய்வுபெற இன்னும் ஏழு வாரம் இருந்தது. இந்த உலகத்தில் அவருக்கு நிறைவேறாமல் கிடந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஏதாவது ஒரு பூச்சிக்கு அவர் பெயரை வைக்க வேண்டும். ஈயாக இருந்தாலும் சரி, கொசுவாக இருந்தாலும் சரி, அதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் கிடையாது. முப்பத்து மூன்று வருடமாக அருங்காட்சியகத்தின் மூன்றாவது மாடியில், பாச்சை உருண்டை வாசனைக்கு நடுவே உட்கார்ந்து, செத்த பூச்சிகளை ஊசியில் குத்தி, சீட்டு எழுதி, இழுப்பறை இழுப்பறையாக அடுக்கியவர். கூடப் படித்தவர்கள் பெயரில் ஒரு தும்பி இருந்தது, இரண்டு தத்துக்கிளி இருந்தது. ஒருவர் பெயரில் ஒரு பேன்கூட இருந்தது. அந்தப் பேனைப் பற்றிப் பேச்சு வந்தால் தலைவியின் முகம் சுண்டிப்போகும்.

நேரில் எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு சின்ன லென்ஸ் எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். டப்பாவில் கொண்டுவந்த சோற்றைக்கூட ஒருதரம் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்று கீழ்மாடி எலும்புக்கூடு பிரிவில் கதை கட்டியிருந்தார்கள். கதை இல்லை, உண்மைதான்.

மேடத்தின் பிரிவில் வேலை பார்க்கும் நம் ஆளுக்குப் பட்டியல்காரி என்று பெயர் விழுந்து பல வருடமாகிறது. இழுப்பறைகளைத் திறந்து, ஒவ்வொரு பூச்சிக்கும் எண் போட்டு, படமெடுத்து, அதன் சீட்டில் உள்ளதைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஐம்பத்தெட்டாயிரம் முடிந்திருந்தது. பாக்கி எவ்வளவு என்று கேட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்தப் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு ஊசியிலும் பூச்சிக்குக் கீழே நகத்தளவு சீட்டுகள் கோத்திருக்கும். முதல் சீட்டு, எங்கே, என்றைக்கு, யார் பிடித்தது. இரண்டாவது, அது என்ன இனம், அதைச் சொன்னது யார். பூச்சி உடைந்து ஒட்டியிருந்தால் மூன்றாவது சீட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒட்டியது யார், என்றைக்கு, எதை வைத்து ஒட்டியது என்று அதில் எழுத வேண்டும். "உடைச்சதுக்கு நான் திட்டமாட்டேன், எழுதாம விட்டாத்தான் திட்டுவேன்" என்பார் மேடம். உண்மையில் இரண்டுக்கும் திட்டுவார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் மேடத்துக்கு யோகம் அடித்தது. சாணவண்டு இழுப்பறை ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று "ஐயோ!" என்று அலறினார். கரப்பான் பூச்சியோ என்று எல்லோரும் ஓடினார்கள். (பூச்சிப் பிரிவில் உயிருள்ள பூச்சிக்குத்தான் பயம்.) அங்கே ஒரு கறுப்பு வண்டு. வழவழவென்று முதுகு. தலையில் இரண்டாகக் கிளைத்த கொம்பு. அப்படி ஒரு கொம்பு அந்த முதுகோடு எந்தப் புத்தகத்திலும் இல்லை. படத்தை சாணவண்டு நிபுணர் ஒருவருக்கு அனுப்பினார்கள். அவர் பதில் எழுதினார்: "இந்தக் கொம்பை நான் பார்த்ததே இல்லை. நேரில் வருகிறேன். புது இனம்தான் என்றால் உங்கள் பெயரையே வைத்துவிடலாம்." அன்றிலிருந்து மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. தன் பெயரைத் தாங்கப்போவது சாணம் தின்னும் வண்டு என்று யாராவது கேலி செய்தால், "பேன் இல்லையே" என்று சொல்லிச் சிரித்தார்.

நிபுணர் வருவதற்கு முந்தைய நாள், வண்டைப் பக்கவாட்டில் படமெடுக்கும் வேலை பட்டியல்காரிக்கு வந்தது. நுண்ணோக்கியின் கீழே வைத்துக் குமிழைத் திருகினாள். வண்டின் முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடுக்கில் ஒரு மெல்லிய கோடு மினுங்கியது. ரோஸ் நிறம். நடுவே ஒரு துளி ஜிகினா.

குமிழை இன்னொரு சுற்றுத் திருகிப் பார்த்தாள். ரோஸ்தான்.

அந்த ரோஸ் அவளுக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணமான புதிது. அழகு நிலையம் நடத்தும் நாத்தனார் முதல் பரிசாக ஒரு நகப்பூச்சு கொடுத்திருந்தாள். அதே மாதம் அருங்காட்சியகத்தில் வேலையும் கிடைத்தது. சேர்ந்த நான்காவது நாள், ஒரு வன அதிகாரி சேர்த்து வைத்திருந்த வண்டுப் பெட்டியை மேசைக்கு மேசை மாற்றும்போது அவள் கை நழுவியது. இரண்டு வண்டுகளின் முன்பாதி தலையோடு கழன்று விழுந்தது. சாப்பாட்டு நேரம், அறையில் யாரும் இல்லை. பசை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் பயம். கைப்பையில் நகப்பூச்சு இருந்தது. ஒட்டினாள், ஊதினாள், மூடி வைத்தாள். மூன்றாவது சீட்டு எழுதவில்லை. அதன்பிறகு இழுப்பறைகள் எத்தனையோ முறை இடம் மாறிவிட்டன. அவளும் மறந்தேபோனாள்.

ஆக, புது இனம் என்று ஒன்றும் கிடையாது. அந்தப் பதற்றத்தில் தலையை மாற்றி ஒட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். மேடம் இரண்டு மாதமாகத் தூங்காமல் கொண்டாடிக்கொண்டிருப்பது அவளுடைய கைவரிசையை.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் கண் கலங்குவதைப் பார்த்ததும் தட்டோடு அடுக்களைக்கு நழுவினான். கீழ்வீட்டிலிருந்து வந்த நாத்தனார்தான் பொறுமையாகக் கேட்டாள்.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்கே? பூச்சை எடுக்கற திரவம் ஒரு பாட்டில் தரேன். காலையில சீக்கிரம் போ. அந்த ரோஸைத் துடைச்சிட்டு, உங்க ஆபீஸ் பசையாலயே மறுபடி ஒட்டிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"தப்பில்லையாக்கா?"

"தப்புதான். நான் வழி சொன்னேன், நல்ல வழின்னு சொன்னேனா?"

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தாள். வண்டை எடுத்து மேசையில் வைத்தாள். பாட்டிலைத் திறந்தாள். தூரிகையை நனைத்துக் கிட்டே கொண்டுபோனபோது கதவு திறந்தது. மேடம். அவரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். தலைக்குப் புதுச் சாயம், கையில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. லென்ஸ் கயிற்றைக்கூட மாற்றியிருந்தார்.

"தூக்கமே வரலம்மா. எங்க அக்காகிட்ட சொல்லிட்டேன். அவ மொத்தக் குடும்பத்துக்கும் சொல்லிட்டா. என்ன வாசனை இது? நெயில் பாலிஷா?"

பட்டியல்காரி தூரிகையைக் கீழே வைத்தாள். துடைத்துவிட்டால் என்ன ஆகும்? நிபுணர் இனத்தை உறுதிசெய்ய வயிற்றுப் பகுதியைப் பிரித்துப் பார்த்தால், தலை ஒரு இனம் உடம்பு ஒரு இனம் என்று குட்டு வெளிப்பட்டு, எல்லோர் முன்னாலும் மேடத்தின் மானம் போகும். பார்க்காமல் போனால் இன்னும் மோசம். இல்லாத ஒரு வண்டுக்கு மேடத்தின் பெயர் காலத்துக்கும் நிற்கும். அது உண்மை இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவளாக இருப்பாள். அதை அவளால் தாங்க முடியாது. அந்த மனுஷியை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

"மேடம், இதை ஒட்டினது நான்தான்" என்று ஆரம்பித்து, கை நழுவியதிலிருந்து நாத்தனார் சொன்ன யோசனை வரை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சரி என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. பட்டியல்காரிக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. அவர் திட்டினால்கூடத் தேவலை என்று நினைத்தாள்.

மேடம் மூக்கை உறிஞ்சினார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"உடைஞ்சது ரெண்டுன்னு சொன்னியே. இன்னொண்ணு எங்க?"

"எது மேடம்?"

"ரெண்டு தலை, ரெண்டு உடம்பு. இந்த உடம்பு சாதாரணம், ஊர்ல எல்லா சாணத்துலயும் இருக்கறது. ஆனா இந்தக் கொம்பு சாதாரணம் இல்ல. இந்தக் கொம்பு எதோட கழுத்துலயிருந்து விழுந்ததோ, அந்த உடம்பு எங்கடி?"

பதினோரு வருடத்தில் மேடம் அவளை "டி" போட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது கன்னத்தில் கிள்ளியதுபோல் இதமாக இருந்தது.

இருவரும் அலமாரியின் மேல் பாய்ந்தார்கள். சாதாரணத் தலை ஒட்டிய அந்த உடம்பு சாதாரண வண்டுகளோடுதான் கிடக்க வேண்டும். சாதாரண இனத்துக்கு மட்டும் நான்கு இழுப்பறை, முந்நூற்றுப் பத்து வண்டு. பட்டியல்காரி கணினியில் அந்த வன அதிகாரியின் சேகரிப்பை மட்டும் பிரித்தெடுத்தாள். பதினேழு வந்தது. ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டாவதில் மேடத்தின் கை நின்றது. இடுக்கில் ரோஸ். நடுவே ஜிகினா.

சாதாரணத் தலைதான், ஒற்றைக் கொம்பு. முதுகோ வழவழப்பாக இல்லை, நெடுக வரிவரியாக மேடு. யார் பார்த்தாலும் இது வேறு என்று சொல்லிவிடலாம். அப்படியிருக்க இதைச் சாதாரண இனம் என்று எழுதிய புத்திசாலி யார் என்று இரண்டாவது சீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. மேடத்தின் குண்டுகுண்டான கையெழுத்து.

மேடம் லென்ஸை வைத்து அதை இன்னொரு தடவை படித்தார்.

"கொம்பை மட்டும் பாத்துட்டு எழுதிட்டேன்" என்றார் மேடம். "அன்னிக்கு நான் முதுகைப் பாத்திருந்தா நீ அன்னிக்கே மாட்டியிருப்பே. நீ வாய் திறந்திருந்தா எனக்கு அன்னிக்கே புது வண்டு கிடைச்சிருக்கும். சரி, ரெண்டு பேரும் சமம். பிரி ரெண்டையும்."

பிரிப்பது லேசான காரியமாக இல்லை. பதினோரு வருடப் பழைய பூச்சு கல்லாக இறுகியிருந்தது. பட்டியல்காரி நாத்தனாருக்கு ஃபோன் போட்டாள். "சுரண்டாதே, நான் வரேன்" என்று அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் தொழிற்பெட்டி. அவள் மாடி ஏறிய அதே நேரத்தில் நிபுணரும் ஏறினார். மெலிந்த மனிதர். அவளும் ஒரு நிபுணர் என்று நினைத்துக் கும்பிட்டார். அவளும் மறுக்கவில்லை.

நடந்ததை மேடமே அவரிடம் சொன்னார். தன் பங்கு தவறையும் விடாமல் சொன்னார். கடைசியில், "அதனால அந்தப் பேர் விஷயத்தை மறந்துடுங்க. கொம்புக்குச் சொந்தக்காரன் இவன்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நாத்தனார் பஞ்சைக் கடுகளவு கிள்ளி, திரவத்தில் நனைத்து, கழுத்து இடுக்கில் வைத்தாள். "இதுவரைக்கும் ஆறு கால் உள்ள கஸ்டமர் வந்ததில்ல" என்றாள். "ரெண்டு நிமிஷம் ஊறணும். யாரும் மூச்சு விடாதீங்க." நிபுணர் உண்மையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் முதல் தலை அலுங்காமல் கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது.

கிளைத்த கொம்பை வரி முதுகுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். உடைந்த விளிம்பும் விளிம்பும் துளி இடைவெளி இல்லாமல் பொருந்தின. நிபுணர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. தேநீர் ஆறிப்போனது. பிஸ்கட்டில் பாதியை நாத்தனார் தீர்த்துவிட்டாள்.

கடைசியில் நிமிர்ந்தவர், "கொம்பையும் பார்த்ததில்ல, முதுகையும் பார்த்ததில்ல" என்றார். "தலை மாறின வண்டைக் காட்டியிருந்தா ரெண்டு நிமிஷத்துல இது மோசடின்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். இது வேற விஷயம். மத்த அருங்காட்சியகங்கள்ல இருக்கறதோட ஒப்பிட்டுப் பாக்கணும். மூணு மாசம் டைம் குடுங்க."

மூன்று மாதம் நான்கானது. அதற்குள் மேடம் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். கடிதம் வந்த அன்று பட்டியல்காரி ஃபோனில் படித்துக் காட்டினாள். புது இனம்தான். மேடத்தின் பெயரோடு ஒரு லத்தீன் வாலைச் சேர்த்து வண்டுக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நாளைக்கு வரேன்" என்று மட்டும் சொல்லி மேடம் ஃபோனை வைத்துவிட்டார்.

மறுநாள் அக்கா குடும்பத்தில் ஐந்து பேரோடு வந்து இறங்கினார். பட்டியல்காரி வண்டை ஊசியோடு எடுத்துக் கொடுத்தாள். புதுப் பெயர்ச் சீட்டுக்குக் கீழே, பதினோரு வருடம் தாமதமான மூன்றாவது சீட்டை அவளே எழுதிக் கோத்திருந்தாள். தலை மாற்றி நகப்பூச்சில் ஒட்டியது இன்னார், பசையால் சரியாக மறுபடி ஒட்டியது இன்னார் என்று தேதிகளோடு தன் பெயரை இரண்டு தடவை எழுதியிருந்தாள். மேடம் லென்ஸில் அதைப் படித்தார். பிறகு கையை நீட்டி ஒரு வெற்றுச் சீட்டு வாங்கினார். அதே குண்டுக் கையெழுத்தில், நெருக்கி நெருக்கி எழுதினார். தலையை மட்டும் பார்த்து ஒன்பது வருடம் தவறான இனத்தில் வைத்திருந்தது இன்னார். கீழே தன் பெயர். ஊசியில் அவரே கோத்தார்.

அக்காவுக்குப் பொறுமை இல்லை. லென்ஸைப் பிடுங்காத குறையாக, "உன் பேர் எங்கடி? காட்டு, காட்டு" என்றார்.

"ரெண்டு இடத்துல இருக்கு" என்றார் மேடம். "மொதல்ல கீழ இருக்கறதைப் படி."