கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வேன்

காலை ஐந்து மணிக்குத் திருவிடைமருதூரில் அறுபது சைக்கிள்கள் ஒன்றாகக் கிளம்பின. ஆறு மணிக்கெல்லாம் ஷமீரா கடைசி ஆளாகிவிட்டாள். அவளுக்கு இருபதடி பின்னால் மினி வேன் உறுமிக்கொண்டே வந்தது. முடியாமல் போகிறவர்களைச் சைக்கிளோடு அள்ளிப் போட்டுக்கொள்வதற்காகக் கிளப் அனுப்பும் வேன் அது. கடைசி ஆளை விட்டு நகரக் கூடாது என்பது விதி. ஓட்டுநர் நாகநாதன் நல்ல மனிதர்தான், ஹாரன்கூட அடிப்பதில்லை. ஆனாலும் ஊசி போடத் துரத்தும் நர்ஸ் போல அந்த வேன் பின்னாலேயே வந்தால் யாருக்குத்தான் கால் ஓடும்?

"இது பந்தயமில்ல அக்கா, ஜாலி ரைடு" என்பான் கிளப்பை நடத்தும் சூர்யபிரகாஷ். பந்தயமா ஜாலியா என்பது கடைசியில் வருகிறவளைக் கேட்டால் தெரியும். நாற்பத்து மூன்று வயது, மெடிக்கல் ஷாப்பில் பகலெல்லாம் நின்றே பழுத்த முழங்கால், ஹெல்மெட்டுக்கு அடியில் வியர்வையில் ஊறிய முக்காடு. இதற்கு முன் இரண்டு முறை வேளாங்கண்ணிக் கடற்கரை வரை வந்து சேர்ந்திருக்கிறாள். இரண்டு முறையும் பேனரைச் சுருட்டிக் கட்டிவிட்டிருந்தார்கள். பேனருக்குக் கீழே பதக்கத்தோடு எல்லோரும் எடுத்துக்கொண்ட படங்கள் குரூப்பில் வந்தன. அவளுடைய படத்தில் அவளும் கடலும் மட்டும் இருந்தார்கள். மகள் ஆசியா அதைப் பார்த்துவிட்டு, "நீ போய்ச் சேர்றதுக்குள்ள மாதா கோயில்ல அடுத்த கொடியேத்தமே வந்துரும்மா" என்றாள். சிரித்தாலும் சுருக்கென்றுதான் இருந்தது. இந்த முறை பதினொரு மணிக்குள், பேனர் நிற்கும்போதே போய் நின்றுவிட வேண்டும்.

நடந்துவிடும் போலத்தான் இருந்தது. கீழ்வேளூரை நெருங்கும் ஆற்றங்கரைக் கப்பி ரோட்டில் அவள் வந்தபோது மணி ஒன்பதே முக்கால். மிச்சம் பதினாலு கிலோமீட்டர். சரளைக்கல் அகல டயருக்கு அடியில் பொரி வறுக்கிற மாதிரி பொரிந்தது. ஒரு பக்கம் தண்ணீர் வற்றிய ஆறு, மறு பக்கம் அறுத்துக் காலியான வயல். எதிரே ஒரு ஈ காக்காய் இல்லை.

வளைவு திரும்பினால் ரோட்டை அடைத்துப் படுதா விரித்திருந்தது. அதன் மேல் முப்பதடி நீளத்துக்கு உளுந்துச் செடி, காய்ந்து கறுத்த நெற்றுகளோடு. பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி. ஷமீரா வயதுதான் இருக்கும். ஷமீரா சைக்கிளை நிறுத்தி இறங்கினாள்.

"நீயுமா இறங்கிட்ட?" என்றாள் அவள். "நீயாச்சும் ஏறிப் போம்மா!"

ஷமீராவுக்கு விளங்கிவிட்டது. உளுந்தை ரோட்டில் பரப்பினால் போகிற வருகிற வண்டி ஏறி நெற்று வெடித்து மணி உதிரும். இந்தப் பக்கத்தில் பஸ்ஸே அப்படித்தான் போகும்.

"தார் ரோடு பூரா எள்ளும் பயறுமா ஊரே இடம் புடிச்சிருச்சு. டிராக்டர் செவ்வாக்கெழமதான் வரும்ங்கறான். அறுபது சைக்கிள் வருதுன்னாங்க, நம்பி நாலு மணிக்கே பரப்பினேன். அத்தன பேரும் சைக்கிளத் தோள்ல தூக்கிட்டு ஓரமாவே நடந்து போறாங்க! ஒருத்தர் மன்னிப்பு வேற கேக்குறாரு. நான் ஏறிப் போங்கன்னு கத்துறேன், கையெடுத்துக் கும்புடுறாரு!"

பிரகதாம்பாள் என்பது அவள் பெயர். குத்தகை நிலம். கிழக்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை பெய்தால் போச்சு, அத்தனையும் முளைத்துவிடும்.

ஷமீரா ஏறி ஓட்டினாள். படபடவென்று நாலு நெற்று வெடித்தது. செயினில் கொடி சுற்றிச் சைக்கிள் நின்றது. அவள் திரும்பி வேனைப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல முன்னயும் பின்னயும் ஓட்டிவிடுங்களேன்."

"ஓட்டலாம் மேடம். ஆனா நீங்க கெளம்பினா நானும் வந்தாகணும். ரெண்டு பேரும் எங்க இருக்கோம்னு சூர்யா தம்பி போன்ல பாத்துட்டே இருப்பாரு. நீங்க நின்னாத்தான் நான் நிக்கலாம்."

இன்றைக்குத்தானா இது? பதினாலு கிலோமீட்டர், கையில் ஒன்றேகால் மணி நேரம். கும்பிட்டுவிட்டுப் போன அந்த மனுஷன் இந்நேரம் பேனருக்கு அடியில் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். பிரகதாம்பாள் வானத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஷமீரா சைக்கிளைப் பூவரச மரத்தில் சாத்தினாள். சாத்தும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டாள்.

வேன் முன்னும் பின்னும் போனது. ஒவ்வொரு நடைக்கும் இருவரும் செடியைப் புரட்டிப் போட்டார்கள். "தலையில சட்டிய மாட்டிக்கிட்டு உளுந்து அடிக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்று பிரகதாம்பாள் சிரிக்க, ஷமீராவும் சிரித்துவிட்டாள். படுதாவில் மணி கறுப்பாகக் குவிந்தது. பாதிக்கு மேல் முடிந்தபோது போன் வந்தது.

"அக்கா, அரை மணி நேரமா அங்கயே நிக்கிறீங்க? பஞ்சரா?"

"இல்ல தம்பி. உளுந்து அடிக்கிறோம்."

"எந்த உளுந்து? அய்யோ, அது கெட்டுடக் கூடாதுன்னுதானேக்கா நாங்க தூக்கிட்டுப் போனோம்?"

"நல்லாத் தூக்குனீங்க, போங்க."

"இனி டைமுக்கு வர முடியாதுக்கா. பேசாம வேன்ல ஏறிடுங்க" என்றான் சூர்யபிரகாஷ்.

முதல் தூறல் அப்போதுதான் விழுந்தது. மூவரும் விழுந்தடித்துக்கொண்டு மணியை மூட்டை கட்டினார்கள். வெடிக்காத செடியையும் வாரி வேனுக்குள் திணித்தார்கள். அதன் மேல் பிரகதாம்பாள் ஏறி உட்கார்ந்தாள். அவள் ஊர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, போகிற வழிதான். நாகநாதன் சைக்கிளையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இடமில்லையே மேடம்."

"நீங்க முன்னால போங்கண்ணே."

"கடைசி ஆள விட்டுட்டா?"

"பின்னாலயேதான் வர்றேன். போங்க, நனையுது."

வேன் அவளைத் தாண்டிப் போனது. ஷமீரா பெடலில் எழுந்து நின்று மிதித்தாள். முழங்காலை மறந்துவிட்டாள். மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. மூடாத பின்கதவு வழியாகப் பிரகதாம்பாள் ஒரு கையால் மூட்டையை அணைத்துக்கொண்டு, மறு கையை வீசி, "வா, வா, வந்துட்ட, விடாத!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். வேனிலிருந்து உதிர்ந்த நெற்றுகள் ஈரக் கப்பியில் கிடந்தன. ஒன்று விடாமல் அவற்றின் மேல் டயரை ஏற்றிக்கொண்டு ஷமீரா வேனைத் துரத்தினாள்.