கதவு மூடித்தான் இருந்தது

எங்கள் ஊரில் ஆளைத் தொழிலோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். மீன் வறுவல் கடைக்காரி சிவான், வறுவல் சிவான். கடல் சுவரில் படகு இறக்கும் இடைவெளிக்கு ஓர் இரும்புக் கதவு உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் அதை மூடுவது என் வேலை. அதனால் நான் கதவு மெலெரி. பதினோரு வருஷமாக அந்தப் பெயரில் ஒரு குறையும் இல்லை. ஜனவரியில் தெருவுக்குள் கடல் வந்ததும், பொம்பளை என்றுகூடப் பார்க்காமல் என்னை சைதெனின் ஆக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் மகளைக்கூட ‘சைதெனின் பொண்ணு’ என்கிறார்களாம்.

சைதெனின் பழங்கதையில் வருகிறவன்; வேல்ஸில் குழந்தைக்குக்கூட அவனைத் தெரியும். எங்கள் வளைகுடாவுக்கு அடியில் பதினாறு ஊர்கள் கிடக்கின்றனவாம். கடலைத் தடுத்த மதகுக்கு அவன் காவலாம். விருந்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டுக் கதவை மூட மறந்தானாம், அத்தனை ஊரும் மூழ்கிப்போனதாம். புயலுக்கு முந்தின சாயங்காலம் தம்பியின் பிறந்தநாளுக்கு நான் ஒரே ஒரு கிளாஸ் ஆப்பிள் மது குடித்தேன். ஊருக்கு அது போதாதா?

சனிக்கிழமை மதியம் சேப்பல் கூடத்தில் ஊர்க்குழு கூடியது. முதல் விஷயம், கடற்கரையில் வைக்கப்போகும் பலகையில் மூழ்கிய நகரத்தைப் பற்றி என்ன எழுதுவது என்பது. இரண்டாவது, என்னை வேலையிலிருந்து எடுப்பது.

தலைவர் இத்தெல் பாரி முப்பது வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்தவர். எழுந்து நின்று பாடமே நடத்தினார்.

“கடலுக்குள்ள ஓடுற கல்வரிசைய மதில்னு சொல்றாங்க. மதில் இல்ல, பனியுகத்துல பனி இழுத்துட்டு வந்து போட்ட கல்லு. கடல் வத்தினா தெரியிற அடிமரமெல்லாம் நெசந்தான். நாலாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அங்க காடு இருந்துச்சு, கடல் ஏறி முழுங்கிருச்சு. ஆனா ஒரு வீடோ மதகோ கிடைக்கல. சாட்சி இல்லாம நகரம்னு எழுதக்கூடாது.”

“அப்ப தண்ணிக்கடியில அந்த ஊர் மணி அடிக்குதே?” என்றாள் சிவான்.

“அது உன் காதுல அடிக்குது.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நியாயமான மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

அவர் தாளைத் திருப்பினார். “அடுத்தது, கதவு தெறந்து கெடந்த விஷயம்.”

விசாரணைக்கு முன்பே தீர்ப்பைத் தலைப்பாக எழுதி வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தெறந்து கெடந்தத யார் சார் பாத்தது?”

“ஊரே பாத்துச்சும்மா. புயலுக்கு மேட்டுக்குப் போயிருந்தவங்க ரெண்டரைக்கு எறங்கி வந்தப்ப பொளந்துக்கிட்டு நின்னுச்சு.”

“முந்தின நாள் நீ பப்புல இருந்ததையும் பாத்தோம்” என்றாள் சிவான்.

“ஒரு கிளாஸ் குடிச்சேன். நீ குடிச்ச நாலப் பத்தி நான் யார்கிட்டயாச்சும் பேசுனேனா?”

நான் தலைவர் பக்கம் திரும்பினேன்.

“சார், நீங்க மட்டும் மேட்டுக்குப் போகாம மாடியிலயே இருந்தீங்க. கீழ எவ்வளவு தண்ணி?”

“இடுப்பளவு. காலையில ஒம்போதுக்கு வந்தது ரெண்டுக்குத்தான் வடிஞ்சுது. அஞ்சு மணி நேரம் என் பியானோ அதுல ஊறிச்சு.”

“கடல் எப்ப சார் சுவர விட்டு மணலுக்கு எறங்குச்சு?”

“பதினொண்ணுக்கு...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். புவியியல் வாத்தியார் அல்லவா.

“கதவு தெறந்திருந்தா உங்க வீட்டுத் தண்ணியும் கடலோடயே போயிருக்கணுமே சார். மூணு மணி நேரம் அதப் புடிச்சு வச்சிருந்தது எது? மூடின கதவு. அலை சுவரத் தாண்டி வந்துச்சு. தாழ்ப்பாள்ல பாசியும் வலைக்கயிறும் சிக்கி இறுகிப்போச்சு. நானும் தம்பியும் முன்னாலயே எறங்கி வந்து சம்மட்டியால அடிச்சு ரெண்டு மணிக்குத் தெறந்தோம், உள்ள நின்ன தண்ணி வெளிய போறதுக்கு. அதத்தான் நீங்க எல்லாரும் பாத்தீங்க.”



“இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் சிவான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணீர் முட்டியது. என்றைக்கோ மூழ்கிய நகரத்துக்குச் சாட்சி கேட்ட கூட்டம் இது. நாலு வீடு தள்ளி இருக்கிற என்னிடம் மூன்று வாரமாக ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“சரிம்மா, விட்டுறலாம். டீ ஆறுது பாரு.” தலைவர் அந்தத் தலைப்பை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

“அடிச்சா போதாது சார், எழுதுங்க. கதவு மூடி இருந்தது. சுவர் ஒரு முழம் பத்தாது. சுவர ஒசத்தச் சொல்லி மெலெரி குடுத்த ரெண்டு கடுதாசியும் தலைவர்கிட்ட மூணு வருஷமா கெடக்கு.”

அவர் காது சிவந்தது. “கடைசி வரி அவசியமாம்மா?”

“அதுதான் சார் அவசியம்.”

டீ எடுக்க யாரும் எழவில்லை. அவர் எழுதினார். நான் அவர் பின்னால் போய் நின்று படித்தேன். தலைவர் என்று நான் சொன்ன இடத்தில் குழு என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன். அவர் அதை அடித்துவிட்டு, இத்தெல் பாரி என்று எழுதினார்.