சுளுக்கு

மீன்கூடையைத் தனி ஆளாகத் தலையில் ஏற்ற முடியாது, இறக்கவும் முடியாது. இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும். ஷரீஃபுன்னிசா உயிரோடு இருந்ததே அந்த ஒரு காரியத்துக்காகத்தான் என்று சொன்னால் அவள் கொழுந்தனுக்குக் கோபம் வரும். மாதவரத்திலிருந்து மாதா மாதம் அரிசி அனுப்புகிறவர் அவர்தானே! அனுப்பட்டும். அரிசி பேசுமா?

புருஷன் அமீருதீன் துறைமுகத்தில் சரக்குப் படகில் வேலை செய்தவர். உலகச் சண்டை முடிந்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை கிடையாது. ராயபுரத்துச் சந்தில் ஓர் அறை வீடு. அவளே சமைத்து, அவளே தின்று, அவளே பாத்திரம் கழுவினாள். தெருவில் யாரும் அவளிடம் முகம் கோணியதில்லை. யாரும் உள்ளே வந்து உட்கார்ந்ததும் இல்லை.

காலையில் மட்டும் குப்பம்மா வருவாள். காசிமேட்டுக் கரையிலிருந்து மீன் சுமந்து வருகிறவளுக்குச் சந்தில் முதல் வாசல் இவளுடையது.

"பாயம்மா, எறக்கு!"

துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுவாள். இருவரும் கூடையைப் பிடித்துக் குனியும்போது முகமும் முகமும் ஒட்டுகிற மாதிரி வரும். குப்பம்மாவின் வெற்றிலை மூச்சு இவள் கன்னத்தில் படும். கூடை இறங்கியதும் தெருப் பெண்கள் எல்லோரும் அங்கே கூடிவிடுவார்கள். சங்கரா புதுசா பழசா, காரப்பொடி மீனில் ஏன் இவ்வளவு மண், யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், எல்லாம் அவள் வாசலில்தான் பேசித் தீரும். பிறகு கூடையைத் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. வெயிலும் சுவரும்தான் மிச்சம்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு மனசே இல்லை.

"தூக்கி வுடு பாயம்மா, வெயில் ஏறிக்கினு கீது."

"கை வர்லக்கா. மணிக்கட்டுல சுளுக்கு."

ஏன் சொன்னாள்? இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டுமே என்றுதான். வேறு ஒரு மண்ணும் இல்லை.

குப்பம்மா பதறிப்போய்த் திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள். "அய்ய, என் கூடைய தூக்கித் தூக்கித்தான் இப்டி ஆச்சா? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மகன் செல்வத்துக்குப் பெண் பார்க்கும் கதையெல்லாம் சொன்னாள். போகும்போது இவள் தோளைத் தட்டிவிட்டு, எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கூடையை ஏற்றிக்கொண்டு போனாள். ஷரீஃபுன்னிசாவுக்கு அன்று பெருநாள்.

மறுநாள் "மீனேய்" என்ற குரல் வாசலைத் தாண்டிப் போயிற்று. எட்டிப் பார்த்தாள். கூடை எதிர்வீட்டுக் கன்னியம்மாவின் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாயம்மாவுக்குக் கையில சுளுக்கும்மா, பாவம். அத்தப் போயி இன்னாத்துக்குப் பேஜாரு பண்ணணும்?" என்று குப்பம்மா சொல்வது நன்றாகக் கேட்டது. தெருவே அங்கே போய் நின்றது. கன்னியம்மாவுக்கு வீடு நிறையப் பிள்ளைகள், மாமியார், பேசின் பிரிட்ஜ் பவர்ஹவுசில் வேலை பார்க்கும் புருஷன். அவளுக்கு எதற்கு இன்னொரு கூட்டம்?

குப்பம்மா கொடுத்ததாக இரண்டு சங்கராவை இலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கன்னியம்மா நிற்காமல் போய்விட்டாள். ஷரீஃபுன்னிசா அதை ஆய்ந்தாள், குழம்பு வைத்தாள், தின்ன முடியாமல் அழுதாள். அடுத்த நாளும் கூடை அங்கேதான். அதற்கடுத்த நாளும் அங்கேதான்.

பொறுக்க முடியவில்லை. சுளுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, பொய் சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சிரித்தால் சிரிக்கட்டும், கூடை திரும்பி வந்தால் போதும். துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு சந்தைக் கடந்து போய்க் கூடையின் விளிம்பைப் பிடித்தாள். வாயில் வந்தது வேறு.

"கை சரியாப் போச்சுக்கா. நானே தூக்கி வுடறேன்."

"வுடு, வுடு! யார்ட்ட சொல்ற?" குப்பம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். "உன் மன்சு எனக்குத் தெரியாதா? எனக்காவ நோவ மறைக்கிற. உக்காரு இப்டி."

"இல்லக்கா, நெசமாவே சுளுக்குன்னு ஒண்ணும்..."

"உக்காருன்றேன்ல!"

குப்பம்மா கன்னியம்மாவிடம் எண்ணெய் கேட்டு வாங்கினாள். செதில் ஒட்டியிருந்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு, இவள் மணிக்கட்டைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு நீவத் தொடங்கினாள். சொரசொரப்பான, சூடான கை. அமீருதீன் போனபிறகு அவளை யாரும் இப்படிப் பிடித்ததில்லை.

"இங்கயா வலிக்கிது?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே கூடை அவள் வாசலுக்கு வந்துவிடும். ஆனால் இந்தக் கை இப்போதே எடுபட்டுப் போய்விடும்.

"ஆமாக்கா," என்றாள். "இன்னும் கொஞ்சம் மேல."

குப்பம்மா மேலே நீவினாள். நீவி முடித்து, "இந்தக் கையால இனிமே ஒண்ணும் தூக்காத, சொல்ட்டேன்," என்று எழுந்தாள். கன்னியம்மா வந்து கூடையைத் தூக்கிவிட்டாள். இரண்டு முகமும் ஒட்டுகிற மாதிரி வந்து விலகின. ஷரீஃபுன்னிசா எண்ணெய் பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.