கறுப்புத் திரையிலிருந்து கட்சி மாறினேன்

எங்கள் மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலைக்குப் புது சர்வர் வந்து இறங்கியதும், அதில் லினக்ஸ் போடுவதா விண்டோஸ் போடுவதா என்று சண்டை ஆரம்பித்தது. கடைகளிலிருந்து வரும் ஆர்டரெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் போய்ச் சேரும். அது படுத்துவிட்டால் லென்ஸ் வெட்டும் மெஷினும் நின்றுவிடும்.

நான் லினக்ஸ் கட்சி. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு கீபோர்டு போதும். என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் விண்டோஸ் கட்சி. எதற்கெடுத்தாலும் மவுஸைத் தேடுவார். அவருக்குப் பட்டன் அண்ணன் என்று பெயர் வைத்ததே நான்தான்.

"ஏம்மா, லைட் போட சுவிட்ச் இருக்கும்போது யாராவது வயரைப் பிடிச்சு முறுக்குவாங்களா?" என்பார்.

"அந்த சுவிட்ச் எந்த மூலைல இருக்குன்னு நீங்க தேடறதுக்குள்ள எனக்கு வேலையே முடிஞ்சிடும்ணே."

மதியம் சாப்பிட உட்கார்ந்தால் கை காயும் வரை இதே பேச்சுதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மேனேஜர் கடைசியில் ஒரு போட்டி வைத்தார்.

"ஆளுக்கொரு பழைய கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுங்க. நான் ஒரு ஃபைலை அழிக்கறேன். யார் முதல்ல மீட்கறாங்களோ அவங்க சொல்றதுதான்."

போட்டியன்று லென்ஸ் பாலிஷ் போடுகிறவர்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். நான் ஒரே வரி அடித்தேன். ஃபைல் சமர்த்தாகத் திரும்பி வந்தது. பட்டன் அண்ணன் அப்போதுதான் ‘நிச்சயமாகவா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே கைதட்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சூட்டோடு சூடாக மேனேஜரிடம் லீவு கேட்டேன். அக்காவுக்கு நிறைமாசம். அம்மா இல்லாத வீட்டில் எனக்கு அவள், அவளுக்கு நான். நீ பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று தினமும் போனில் அழுகிறாள்.

"நீ மூணு வாரம் போயிட்டா இதை யாரும்மா பாக்கறது? இந்த வித்தை உனக்கு மட்டுந்தானே தெரியும்?" என்றார் மேனேஜர்.

வகையாக மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை பட்டன் அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "அண்ணே, அடியில லினக்ஸ் இருக்கட்டும். மேல பட்டன் வச்ச பக்கம் ஒண்ணு போட்டுத் தர்றேன். பிரவுசர்லயே திறக்கும். நீங்க பாத்துப்பீங்களா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து வரைக்கும் பட்டன்னா கேவலம்!"

"நேத்து எனக்குத் தலைக்கனம். இன்னிக்கு எனக்கு லீவு வேணும்."

விழுந்து விழுந்து சிரித்தார். அன்று முழுக்க இருவரும் உட்கார்ந்து அதைச் செய்தோம். மீட்கும் பட்டன் பெரிதாக வேண்டும் என்றார். வெட்கத்தை விட்டு, பச்சை நிறத்தில் பெரிதாகவே வைத்தேன். மேனேஜர் மறுபடி ஒரு ஃபைலை அழித்தார். அண்ணன் ஒரே தட்டில் மீட்டார். எனக்கு லீவு கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தையை மடியில் வைத்திருந்தபோது போன் அடித்தது. பட்டன் அண்ணன்.

"சர்வர் போச்சாண்ணே?"

"காலைல மேனேஜரே தெரியாம ஆர்டர் எல்லாத்தையும் அழிச்சுட்டார். பட்டனை அமுக்கினேன், வந்துடுச்சு. அதுக்கா கூப்பிடுவேன்? என்ன குழந்தை, அதைச் சொல்லு முதல்ல!"

"பொண்ணுண்ணே!"

அந்தப் பக்கம் பாலிஷ்காரர்கள் போட்ட கூச்சலில் அக்கா கண் விழித்துச் சிரித்தாள்.

"உன் கட்சியா, என் கட்சியா?" என்றார் அண்ணன்.

குனிந்து பார்த்தேன். என் விரலை அமுக்கிப் பிடித்தவள் விடுவதாக இல்லை.

"உங்க கட்சிதாண்ணே," என்றேன்.