அடுப்போடு வந்த சித்தப்பா

அன்று மதியத்துக்குள் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு கேக்குகள் காலமாகியிருந்தன. இரண்டுக்கும் ஒரே வியாதி: அடியில் கரி, நடுவில் பச்சை மாவு. இறுதி மரியாதையாக முதலாவதை முழுக்க நானே சாப்பிட்டேன்.

அக்காவுக்கு அது விளையாட்டில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரே ஒரு கடை காலியாக இருந்தது. மைதானத்தின் கடைசி மூலை. மின்சாரம் கிடையாது, சிலிண்டருக்கு அனுமதி கிடையாது, கரி அடுப்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அது காலியாக இருந்தது. மூன்று வருடமாகக் கூரியர் அலுவலகத்தில் ஊரார் பார்சலுக்கு முகவரி ஒட்டிக்கொண்டிருந்த அக்கா, கரி அடுப்பிலேயே கேக் செய்வேன் என்று மனு போட்டுவிட்டாள். சந்தை மேலாளரம்மா நாலு மணிக்கு ருசி பார்க்க வருகிறார். பிடித்தால் கடை. இல்லையென்றால் மறுபடி பசை.

சர்க்கரை தூவிச் சுட்ட அன்னாசி காலையிலேயே பிரமாதமாக வந்துவிட்டது. ஆனால் மனுவில் அன்னாசி இல்லை.

நாங்கள் சுட்டுக்கொண்டிருந்த, மூடி போட்ட கிரில் அடுப்பு சித்தப்பாவுடையது. அடுப்போடு அவரும் வந்திருந்தார்; தனியாகக் கிடைக்காது. முப்பது வருடம் தீயணைப்பு வீரராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது நண்பர்கள் கொடுத்த பரிசு அது. இன்றுவரை அவர் பற்றவைத்ததில்லை. எரிகிற எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. என் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை நான் ஊதுகிற மாதிரி ஒரு படம்கூட எங்கள் ஆல்பத்தில் இல்லை.

"சித்தப்பா, அந்தத் தண்ணி வாளியை உள்ள வெச்சிட்டு வாங்க."

"சும்மா பக்கத்துல இருக்கட்டுமேம்மா. அது உன்னை என்ன பண்ணுது?"

"அது ஒண்ணும் பண்ணாது. நீங்கதான் பண்ணுவீங்க. தண்ணி ஊத்த மாட்டேன்னு சொல்லுங்க."

"சரி, ஊத்தல."

மூன்று மணிக்கு, கனமான இரும்புச் சட்டியில் மூன்றாவது வாழைப்பழ கேக் அடுப்பேறியது. மூடியைப் போட்டுவிட்டு, முகத்துக் கரியைக் கழுவ அக்கா கிளம்பினாள்.

"டேய், நீ கேக்கைப் பாக்க வேணாம். சித்தப்பாவைப் பாரு."

பார்த்தேன். பத்து நிமிடம் பார்த்தேன். அப்புறம் இரண்டாவது கேக்கின் ஓரம் நன்றாக இருக்கும் என்று தோன்றியதால், ஸ்பூன் எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது அடுப்பில் புகையே இல்லை. மேலும் கீழும் இருந்த காற்றுத் துளைகள் இரண்டும் இறுக்கமாக மூடியிருந்தன. சித்தப்பா நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்திருந்தார்.

"என்ன பண்ணீங்க?"

"தண்ணி ஊத்தலடா. காத்தை மட்டும் நிறுத்தினேன். அது தன்னால படுத்துடும்."

"எப்போ?"

"நீ உள்ள போனதுமே. ஸ்பூன் எடுக்க இருபது நிமிஷமா?"

ஓரம் நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

அக்கா வந்து துளைகளைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மறுபடி பற்றவைக்க நேரமில்லை. மூடியைத் திறந்தால் இருக்கிற சூடும் போய்விடும். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது.

மேலாளரம்மா முன்னால்தான் அக்கா மூடியைத் திறந்தாள். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தாள். ஒட்டவில்லை. சட்டியைக் கவிழ்த்தாள். அடி பொன்னிறம். நெருப்பு அடங்கிய பிறகு இரும்பில் தேங்கிய சூடே கேக்கை நிதானமாக வேகவைத்திருந்தது. முதல் இரண்டையும் கொன்றது கூடுதல் நெருப்புதான் என்று அதுவரை எங்களில் யாருக்கும் உறைத்திருக்கவில்லை.

மேலாளரம்மா ஒரு துண்டு சாப்பிட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டாவது துண்டை எடுத்தார்.

"கடை உங்களுக்குத்தாம்மா. ஆனா வாரா வாரம் இதே பதத்துல வருமா?"

அக்கா மெதுவாகச் சித்தப்பா பக்கம் திரும்பினாள். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"நான் எத்தனை மணிக்கு வந்து அணைக்கணும்?"